லேப்ரடார் 41 கிலோ, அப்பாவுக்கு சர்க்கரை 7.9: இரண்டு பேருக்கும் சேர்த்து எடை குறைக்க வழி சொல்லுங்கள்

சிங்காநல்லூர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருக்கிறோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், கணவர், பள்ளிக்குப் போகும் பையன், அப்புறம் சீசர். சீசர் ஆண் லேப்ரடார், ஆறு வயது, கருத்தடை ஆபரேஷன் முடிந்தவன். போன வாரம் தடுப்பூசிக்குக் கூட்டிப் போனபோது எடை 41 கிலோ இருந்தது. 32 கிலோ போதும், சாப்பாட்டைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். எதை, எவ்வளவு குறைப்பது என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போதே பின்னங்கால் லேசாக இழுக்கிறது, மாடிப்படி ஏற யோசிக்கிறான்.

அதே வாரம் அப்பாவின் ரத்தப் பரிசோதனையும் வந்தது. வயது 67. எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.9. இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார். அவருக்கும் எடையைக் குறையுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டையும் ஒன்றாகக் கேட்பதற்குக் காரணம், அப்பா எதைச் சாப்பிட்டாலும் அதில் சீசருக்குப் பங்கு உண்டு. காலையில் அவனுக்கு ஒரு டம்ளர் பால், ஆறு குளுக்கோஸ் பிஸ்கட். அப்பா டிபன் சாப்பிடும்போது இரண்டு இட்லி. மதியம் தயிர்சாதம். சாயங்காலம் அப்பா பேக்கரிக்கு டீ குடிக்கப் போனால் அவனும் கூடப் போவான், ஒரு தேங்காய் பன்னை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துச் சாப்பிடுவார்கள். இரவு கோழி போட்ட சாதம். இதெல்லாம் போக அவன் தட்டில் டிரை ஃபுட் எப்போதும் கிடக்கும், நாளைக்கு நூறு கிராம் போலக் காலியாகும். அம்மா ஏதாவது சொன்னால், "வாயில்லா ஜீவனுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பியா" என்று அப்பா கோபித்துக்கொள்கிறார். அவர் ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுக்க அவருக்குத் துணை சீசர்தான், அதனால் நானும் கடுமையாகப் பேசத் தயங்குகிறேன்.

சீசருக்குக் கிராம் கணக்கில் எவ்வளவு கொடுக்கலாம்? வீட்டுச் சாப்பாடு தொடரலாமா? கால் இழுக்கும்போது நடக்கவிடலாமா? அப்பாவின் தட்டில் முதலில் எதை மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு கால்நடை டாக்டர்

சகோதரி, சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், தைராய்டும் சேர்த்து. நடுவயது லேப்ரடாருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தால் கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் எடை ஏறும், முடி கொட்டும், சோம்பிப் படுத்தே கிடக்கும். அது இருந்தால் மாத்திரை கொடுக்காமல் எந்த டயட்டும் முழுதாகப் பலிக்காது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்தால் சாப்பாடே போதுமான காரணமாகத் தெரிகிறது. கருத்தடை செய்த நாய்க்குத் தேவைப்படும் சக்தி முன்பைவிடக் கால் பங்கு போலக் குறைந்துவிடும். இதை ஆபரேஷன் அன்றே சொல்லி அனுப்ப வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை.

கணக்குக்கு வருவோம். குறைக்க வேண்டிய நாய்க்கு இப்போதைய எடையை வைத்துச் சாப்பாடு கணக்கிடக் கூடாது, போய்ச்சேர வேண்டிய எடையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இலக்கு எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்குவது நாங்கள் பயன்படுத்தும் சூத்திரம். 32 கிலோவுக்கு அது சுமார் 940 கலோரி வருகிறது. இப்போது அவன் சாப்பிடுவதைத் தோராயமாகக் கூட்டினால் பால் 150, பிஸ்கட் 130, இட்லி 110, தயிர்சாதம் 320, பாதி பன் 100, கோழிச்சாதம் 500, டிரை ஃபுட் 350. ஆக 1,650ஐத் தாண்டுகிறது, பையன் மேசைக்கடியில் கொடுப்பது இதில் சேரவில்லை. பசி எடுத்துச் சாப்பிடும் இரண்டு வேளையைவிட, நடுநடுவே கையிலிருந்து போகும் பாலும் பிஸ்கட்டும் இட்லியும் பன்னும்தான் கவனிக்க வேண்டியவை. அவை மட்டுமே 490. ஒரு நாள் முழுக்க அவனுக்குக் கொடுக்க வேண்டியதில் பாதிக்கு மேல் தட்டுக்கு வராமலேயே உள்ளே போய்விடுகிறது.

940ஐ எப்படி நிரப்புவது? டிரை ஃபுட் 130 கிராம், தராசில் நிறுத்து (டம்ளரில் அளந்தால் ஒவ்வொருவர் கைக்கு ஒவ்வொரு அளவு வரும்). தோல் நீக்கி வேகவைத்த கோழி 150 கிராம். பூசணி, பீன்ஸ், கேரட் மாதிரி காய் உப்பில்லாமல் வேகவைத்து 250 கிராம். சோறு ஒரு சின்னக் கரண்டி, 60 கிராம். மீதி 80 கலோரிதான் நாள் முழுக்கக் கையால் கொடுக்கும் தீனிக்கு. இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தட்டில் எப்போதும் தீனி கிடக்கும் பழக்கம் நிற்கட்டும். ஒரே நாளில் பாதியாக வெட்டாதீர்கள், இரண்டு மூன்று வாரம் எடுத்துப் படிப்படியாக இறக்குங்கள். டிரை ஃபுட் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், பின்பக்கம் நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருந்தால் அதைப் பாருங்கள். நான் 350 என்று வைத்திருக்கிறேன்.

முழுக்க வீட்டுச் சாப்பாடாக மாற்றலாமா என்றால், யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். சோறும் கோழியும் மட்டும் போட்டால் கால்சியம் போதாது, வேறு சில தாதுக்களும் போதாது. வளரும் குட்டிக்கு இது எலும்பையே வளைத்துவிடும். பெரிய நாயிடம் தெரிய நாளாகும், ஆனால் தெரியும். அதனால்தான் டிரை ஃபுட்டை அடித்தளமாக வைத்துச் சொன்னேன். அளவு இவ்வளவு குறையும்போது சத்து குறையாமல் இருக்க, எடை குறைப்புக்கென்றே வரும் தீவனமும் கிடைக்கிறது. விலை கூடுதல், வசதி இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை குறையலாம். சீசருக்கு 400 கிராம் குறைந்தாலே நல்ல வாரம். 9 கிலோ குறைய ஐந்தாறு மாதம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

கால் விஷயம். நடக்கட்டும், ஆனால் பத்துப் பத்து நிமிடமாக, மண் தரையிலோ புல்லிலோ. ஓட்டம், பந்து துரத்தல், படி ஏறுதல் இப்போதைக்கு வேண்டாம். ஒரு எக்ஸ்ரே எடுத்து இடுப்பு மூட்டைப் பார்ப்பது நல்லது. வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான ஐபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தினமும் அஞ்சு கிலோமீட்டர்

சாப்பாட்டைக் குறைத்து அந்த ஜீவனை வாட்டுவதைவிடக் காலையில் ஒரு மணி நேரம் நன்றாக நடக்கவிட்டால் தானாகக் குறையாதா? எங்கள் தெருவில் இருக்கிற நாட்டு நாய் கிடைத்ததையெல்லாம் தின்கிறது, ஒரு கிராம் கூடச் சதை இல்லை. அப்பாவும் நடந்தால் அவருக்கும் சர்க்கரை இறங்கும்.

ஈரோடு கால்நடை டாக்டர்

நடக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடையால் மட்டும் எடை இறங்கும் என்று நம்பிப் பல மாதம் போக்கிய வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். 40 கிலோ நாய் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது நூறு கலோரிக்குள்தான். அந்தப் பாதி பன்னே நூறு. வாசலுக்குத் திரும்பி வந்ததும் "பாவம், களைச்சுப்போச்சு" என்று ஒரு பிஸ்கட் கொடுத்தால் கணக்கு ஏறுமுகமாகிவிடும். மூட்டு ஏற்கனவே நோகும் நாயை ஒரு மணி நேரம் தார்ரோட்டில் இழுத்துக்கொண்டு போவதும் தப்பு.

தெரு நாயோடு லேப்ரடாரை ஒப்பிடுவதும் சரிவராது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலனார் ராஃபன் குழுவினர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். லேப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு பாம்க் (பி.ஓ.எம்.சி) என்கிற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்தது என்கிற செய்தி அந்த நாய்களின் மூளைக்குச் சரியாகப் போய்ச்சேர்வதில்லை. 2024இல் அதே குழு இன்னொன்றும் காட்டியது: அந்த நாய்கள் சும்மா படுத்திருக்கும்போது மற்ற லேப்ரடார்களைவிடக் கால் பங்கு குறைவாகத்தான் சக்தியைச் செலவிடுகின்றன. பசியும் அதிகம், செலவும் குறைவு. சீசருக்கு அது இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவன் கெஞ்சிப் பார்ப்பது நடிப்பு இல்லை, உண்மையாகவே பசிக்கலாம் என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் காயை 250 கிராம் வரை சேர்த்தேன், வயிறு நிறையும், கலோரி ஏறாது. டிரை ஃபுட்டில் ஒரு பங்கைத் தட்டில் போடாமல் முற்றத்திலோ புல்லிலோ தூவிவிடுங்கள். மோந்து தேடித் தின்ன இருபது நிமிடம் ஆகும். அவனுக்கு அது வேட்டை மாதிரி.

சிப்பிப்பாறை வளர்க்கிறவன்

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை. விலா எலும்பு கடைசி இரண்டு மூன்று வெளியில் தெரியும், அந்த ஜாதிக்கு அதுதான் சரியான உடம்பு, முயல் துரத்தப் பிறந்த நாய். ஆனால் டவுனிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஏன்டா எலும்பும் தோலுமா வச்சிருக்கே, சோறு போட மாட்டியா" என்றுதான் கேட்கிறார்கள். குண்டு நாயைப் பார்த்துப் பார்த்துக் கண் அதற்குப் பழகிப்போய்விட்டது. ராஜபாளையம், கன்னி, கோம்பை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சென்னையில் ஃபிளாட்டில் ஒருவர் வைத்திருக்கும் ராஜபாளையத்தைப் பார்த்தேன், முதுகு மேசை மாதிரி இருக்கிறது, மனது கேட்கவில்லை.

லேப்ரடாருக்கு எலும்பு தெரிய வேண்டாம், ஆனால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். உங்கள் கையை மடக்கி விரல் முட்டியின் மேல் தடவிப் பாருங்கள், அந்த மாதிரி விலா இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையில் தடவினால் எலும்பு கொஞ்சம் சதைக்குள் இருக்கிற மாதிரி இருக்கும் இல்லையா, அது சரியான அளவு. கட்டைவிரல் அடியிலிருக்கும் மேடு மாதிரி எலும்பே தெரியாமல் மெத்தென்று இருந்தால் கூடுதல். அப்புறம் நின்றபடி மேலிருந்து பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலே ஏற வேண்டும். எடை மெஷின் இல்லாத ஊரில் நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம், வாரம் ஒருமுறை ஒரே ஆள் தடவிப் பார்த்தால் ஏமாறாது.

ஈரோடு கால்நடை டாக்டர்

மேலே சொன்ன கைப் பரிசோதனை சரியானது, நாங்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவதும் இதை வைத்துத்தான். 4, 5 சரியான உடம்பு. எண் ஏற ஏற ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்ளலாம். சீசர் 8 பக்கம் இருப்பான்.

வாட்டுவது என்கிற பேச்சு வந்ததால் ஒரு ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்தது, முடிவு 2002இல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை நடுமதிப்பில் 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. தீவனம் விற்கிற கம்பெனியே குறைவாகக் கொடு என்று காட்டிய ஆராய்ச்சி இது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், ஏறத்தாழ இரண்டு வருடம் கூட இருப்பான் என்று.

டயட்டீஷியன், சென்னை

அப்பாவின் பங்கை நான் எழுதுகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. கிளிமிபிரைடு எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை ரொம்பவும் கீழே போய்விடலாம். வியர்ப்பது, கை நடுங்குவது, படபடப்பு, குழப்பம் வந்தால் அது தாழ்சர்க்கரை. சாப்பாட்டை மாற்றப்போகிறோம் என்று அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, மாத்திரை அளவைப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். வேளை தவறுவது, ராத்திரிப் பட்டினி, யாரோ சொன்ன 16 மணி நேர விரதம் எதுவும் அவராகச் செய்யக் கூடாது.

நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90, பெண்களில் 80 செ.மீட்டரைத் தாண்டினாலே ஆபத்துக் கணக்கு தொடங்குகிறது. பி.எம்.ஐ.யும் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) அப்படித்தான், மேல்நாட்டில் 25 என்பது நமக்கு 23. வெளித் தோற்றத்தில் பெரிய பருமன் இல்லாவிட்டாலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் நம் சர்க்கரைக்குப் பெரிய காரணம். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துடன் (ஐ.சி.எம்.ஆர்) சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கில் நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டுக்குத் தானியம் 250 கிராம் (வேகவைக்காத எடை, மூன்று வேளைக்கும் சேர்த்து), பருப்பு பயறு 85 கிராம், காய் கீரை 400 கிராம் என்று சொல்கிறார்கள். நம் வீடுகளில் தானியம் இதற்கு மேலே, பருப்பும் காயும் இதற்கு ரொம்பக் கீழே. அப்பாவுக்கு 2,000 கலோரியே தேவைப்படாது, அதனால் தானியம் இன்னும் இறங்க வேண்டும்.

முதலில் மாற்ற வேண்டியது எது என்று கேட்டீர்கள். சாயங்கால பன். அதை நிறுத்தி ஒரு கப் சுண்டல், கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ, டீயில் சர்க்கரை வேண்டாம். பேக்கரிக்குப் போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், கோவையில் அது டீ குடிக்கும் இடம் மட்டுமா, நாலு பேரைப் பார்க்கும் இடம். சுண்டலை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு அங்கே டீ மட்டும் குடிக்கட்டும்.

அடுத்தது காலை. ஐந்து இட்லி என்றால் மூன்றாக்கி, சாம்பாரில் பருப்பும் காயும் கூட்டி, ஒரு முட்டை. மதியம் தட்டில் முதலில் பொரியலும் கீரையும், அதில் பாதி முடிந்த பிறகு சோறு. இந்த வரிசையே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும். தினையும் வரகும் வாங்கிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, ஆனால் கலோரியில் அரிசிக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நெய் ஊற்றிய வரகுப் பொங்கல் இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். எண்ணெயையும் பாருங்கள். அந்த வழிகாட்டிப்படி ஒரு ஆளுக்கு நாளைக்கு 27 கிராம், அதாவது மாதம் 900 மில்லி போல. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

67 வயதில் எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும், அது நடக்கக் கூடாது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் ஒவ்வொரு வேளையிலும் பயறு, முட்டை, மீன், தயிர் ஏதாவது ஒன்று இருக்கட்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாகக் காலை மாலை செய்யட்டும். 5 சதவீத எடை குறைந்தாலே சர்க்கரையில் மாற்றம் தெரியும்.

இங்கேதான் சீசர் வருகிறான். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது ஏறும் சர்க்கரையை நன்றாகப் பிடித்துவைக்கும், ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்பதில்லை. டாக்டர் சீசருக்குச் சொன்னதும் பத்து நிமிட நடைதான். மூன்று வேளையும் அப்பா சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் வாசலுக்கு இறங்கட்டும். மதிய வெயிலில் மட்டும் சீசர் வேண்டாம், அப்பா கூடத்திலேயே நடக்கலாம்.

சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆட்கள் ஆளையும் நாயையும் சேர்த்தே ஒரு வருடம் எடைகுறைப்பில் வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2006இல் வெளியானது. ஆட்களுக்குச் சராசரியாக 5 சதவீதம் குறைந்தது, நாய்களுக்கு 15. நாயால் ஃபிரிட்ஜைத் திறக்க முடியாது என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். சீசரின் எடை முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, அப்பாவின் எடை அப்பா கையில், அதனால் அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

வளசரவாக்கம் பூனை வீடு

இதைப் படித்துவிட்டு யாராவது பூனைக்கும் இதே மாதிரி செய்துவிடப்போகிறார்கள் என்று பயந்து எழுதுகிறேன். எங்கள் பூனை 6.4 கிலோ, ஃபிளாட்டை விட்டு வெளியே போகாதவள், அவளுக்கும் குறைப்பு நடக்கிறது. பூனையைப் பட்டினி போடவே கூடாது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். புதுத் தீவனம் பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பினால், "பசிச்சா தானா திங்கும்" என்று விட்டுவிடாதீர்கள், பழையதைக் கலந்து கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

எங்கள் டாக்டர் 4.5 கிலோ இலக்கு வைத்து நாளைக்கு 170 கலோரி சொன்னார். வாரத்துக்கு 0.5 முதல் 1 சதவீதம் குறைந்தால் போதும் என்றார். டிரை ஃபுட்டாக மட்டும் கொடுத்தால் அது 45 கிராம்தான், ஒரு கைப்பிடிகூட வராது. அதனால் பாதியை ஈரமான பவுச்சாக மாற்றினோம். அதில் தண்ணீர் அதிகம் என்பதால் அளவு கூடுதலாகத் தெரிகிறது, அவளும் அமைதியாக இருக்கிறாள். தயிர்சாதம், பால்சோறு பூனைக்குச் சாப்பாடே இல்லை. அது முழுக்க மாமிசம் தின்னும் உயிர், டாரின் என்கிற சத்து மாமிசத்திலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணும் இதயமும் கெடும். எங்கள் பாட்டி வீட்டுப் பூனை பால்சோறு தின்றுதான் வளர்ந்தது என்பார்கள், அது எலியும் பல்லியும் பிடித்துத் தின்றதை யாரும் எண்ணவில்லை.

சிங்காநல்லூர் மகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர், ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே கூட்டிப் போகிறோம். நேற்று இரவு அப்பாவிடம் அந்த 48 நாய்கள் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அப்ப நான் அவனுக்கு ஒண்ணுமே கையால குடுக்கக் கூடாதா" என்று கேட்டார், அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. பையனும் ரகசியமாகக் கொடுக்கிறான், அதையும் எப்படி நிறுத்துவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா இனிப்புக்கு ஏங்கும்போது ஊறவைத்த உலர் திராட்சை நாலைந்து சாப்பிடுவார், சீசருக்கும் ஒன்றிரண்டு போகும். பிஸ்கட்டுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாமா? சர்க்கரை இல்லாத சூயிங்கமும் சாக்லேட்டும் அப்பாவுக்காக வாங்கலாம் என்று இருக்கிறோம்.

சிப்பிப்பாறை வளர்க்கிறவன்

அக்கா, கையால் கொடுக்கட்டும், தாராளமாகக் கொடுக்கட்டும். காலையில் ஒரு சின்ன டப்பாவில் அன்றைய பங்கைப் போட்டு அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். அந்த 130 கிராமிலிருந்தே ஒரு இருபது கிராம் எடுத்துப் போட்டால் போதும், கூட நாலு வெள்ளரித் துண்டு, கேரட் துண்டு. அது தீர்ந்தால் நாளைக்குத்தான். வீட்டில் வேறு யார் கொடுக்க வேண்டுமென்றாலும் அப்பாவிடம் கேட்டு அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும், பையன் உட்பட. பொறுப்பு அவர் கைக்கு வந்துவிட்டால் அவரே காவல் காப்பார். எங்கள் சித்தப்பா வீட்டில் இதைத்தான் செய்தோம், இப்போது அவரைத் தாண்டி ஒரு பருக்கை போகாது. நாய்க்குத் தேவை அந்தக் கை நீள்வதுதான், கையில் இருப்பது பன்னா கேரட்டா என்று லேப்ரடார் பார்க்காது.

எடை பார்க்க டாக்டர் வீடு வரை போக வேண்டாம் என்றால் பக்கத்து அரிசி மண்டித் தராசில் ஏற்றுங்கள், கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஞாயிறு ஞாயிறு, சாப்பாட்டுக்கு முன்னால், ஒரே தராசு.

ஈரோடு கால்நடை டாக்டர்

டப்பா யோசனை நல்லது, அப்படியே செய்யுங்கள்.

உலர் திராட்சையை இன்றே நிறுத்துங்கள். திராட்சை, உலர் திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எந்த நாய்க்கு எத்தனை தின்றால் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒன்றுக்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று கொஞ்சம் தின்றே படுத்துவிடும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் இனியும் ஆகாது என்று இல்லை. நாளைய ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேசரி, பாயசம் மீதியை வைக்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். கோழி வேகவைக்கும்போது வெங்காயம், பூண்டு சேர்க்காமல் தனியாக எடுத்துவிடுங்கள், அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம் அதைவிட அவசரமான விஷயம். அவற்றில் பலவற்றில் சைலிட்டால் என்கிற இனிப்பு இருக்கும், உறையில் 967 என்ற எண்ணாகவும் போட்டிருப்பார்கள். நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு அது உள்ளே போனதும் இன்சுலின் திடீரென்று கொட்டி, அரை மணி ஒரு மணிக்குள் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், அளவு கூடினால் ஈரலும் போகும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராமே அபாய அளவு. சாக்லேட் சர்க்கரை இல்லாததாக இருந்தாலும் சாக்லேட்தான், அதுவும் நாய்க்கு விஷம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இந்த மாதிரிப் பொருட்கள் வந்துசேரும், அதனால் அப்பாவுக்கு வாங்கும் எதையும் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள், சீசருக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். தப்பித் தவறித் தின்றுவிட்டால் வாந்தியோ தள்ளாட்டமோ வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த உறையையும் கையில் எடுத்துக்கொண்டு அருகிலிருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு உடனே போங்கள்.